மூன்றடி இடத்தில் முப்பதடி மரம்

வாசகர் கேள்வி – பதில்
இம்முறை: ஒல்லியாக நிமிர்ந்து, ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் மரங்கள்

கேள்வி: வீட்டுச் சுவருக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே நாலடி அகலத்துக்கு மண் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் பின்கட்டு முழுக்கத் தெரிகிறது. இலை கொட்டாமல், அகலம் பெருக்காமல் உயரமாகப் போகிற மரம் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: இலை கொட்டாத மரம் கிடையாது. பசுமைமாறா மரமும் பழைய இலையை உதிர்க்கத்தான் செய்யும். ஒரேயடியாக மொட்டையாவதில்லை, அவ்வளவுதான். ஆகவே துடைப்பத்துக்கு ஓய்வு கிடைக்காது.

மரத்தின் பெயருக்கு முன் மூன்று அளவுகளை எடுங்கள். முதலாவது, தேவையான உயரம். பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். மாடியை மறைக்க மாடியளவு உயரம் வேண்டியதில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது கண்மட்டம் தரையிலிருந்து 4 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர் ஜன்னலின் மேல்விளிம்பு 18 அடி உயரத்தில், 40 அடி தள்ளி இருக்கிறது. மரம் உங்களிடமிருந்து 10 அடியில் நின்றால் ஏழரை அடி உயரமே போதும். அதே மரத்தை 30 அடி தள்ளி வைத்தால் பதினாலரை அடி வேண்டும். கணக்கு இதுதான்: ஜன்னல் உயரத்திலிருந்து கண் உயரத்தைக் கழித்து, அதை மரத்தின் தூரத்தால் பெருக்கி, ஜன்னலின் தூரத்தால் வகுத்து, கண் உயரத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் நட்டால் சின்ன மரமே போதும். பராமரிப்பும் ஏணியில்லாமல் முடியும்.

இரண்டாவது, வெளிச்சம். இரண்டு சுவர்களுக்கு நடுவே நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது என்று எண்ணுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் ஊசியிலை மரங்களான ஜூனிபரும் சைப்ரஸும் வேண்டாம். நிழல் பக்கத்தில் இலை மெலிந்து உள்ளே குச்சி தெரியத் தொடங்கும். அது பிறகு மூடாது.

மூன்றாவது, உங்கள் ஊரின் மிகக் கடுமையான குளிர்.

பனி உறையாத ஊர் என்றால், நாலடி இடத்துக்கு எங்கள் முதல் தேர்வு பொடோகார்ப்பஸ். நீண்ட, பட்டையான கரும்பச்சை இலை. மெதுவாகத்தான் வளரும், ஆனால் அரைநிழலைத் தாங்கும், கத்தரியையும் தாங்கும். ‘மாக்கி’ என்ற வகை இயல்பிலேயே நிமிர்ந்து வளர்வது. மூன்றடி அகலத்தில் நிறுத்தி வைக்கலாம். நெட்டிலிங்கத்தைச் சொல்வோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது அருமையான மரம்தான், ஆனால் நாற்பதடியைத் தாண்டக்கூடியது. நாலடிச் சந்தில் வைத்தால் கிளை சுவரில் உரசும், இலை கூரைக் குழாயில் அடைக்கும். எட்டடி இடம் இருப்பவர்கள் அதை நடட்டும்.

குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்று இருக்கும் ஊருக்கு இத்தாலியன் சைப்ரஸ். பனி கொட்டும் ஊருக்கு ‘ஸ்மராக்ட்’ தூஜா: 10 முதல் 14 அடி உயரம், 3 முதல் 4 அடி அகலம், குளிர் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பெரும்பாலும் தாங்கிவிடும். டென்மார்க்கில் உருவான வகை. பெயருக்கு மரகதம் என்று பொருள், நிறமும் அப்படித்தான். இன்னும் ஒல்லி வேண்டும், வெயிலும் தாராளம் என்றால் ‘புளூ ஆரோ’ ஜூனிபர்: 12 முதல் 15 அடி உயரம், அகலம் இரண்டே அடி. நிழலும் குளிரும் சேர்ந்த இடம் என்றால் ஐரிஷ் யூ. மெதுவாக வளரும், பொறுமை உள்ளவர்களுக்கான மரம்.

கேள்வி: நான் வாங்கிய கன்றின் அட்டையில் ‘உயரம் 5 மீட்டர், அகலம் 1 மீட்டர்’ என்று இருந்தது. அதே வகை, தெரிந்தவர் வீட்டில் இரண்டு மடங்கு இருக்கிறது. யார் சொல்வது பொய்?

பதில்: இருவருமே மெய். அட்டையில் இருப்பது பெரும்பாலும் பத்தாண்டு வளர்ச்சி. ஊசியிலை மரங்கள் பத்தாம் ஆண்டில் ‘போதும்’ என்று நின்றுவிடுவதில்லை. சாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். அட்டை எண்ணோடு பாதி சேர்த்து இருபதாண்டு அளவாக வைத்துக்கொண்டு இடம் ஒதுக்குங்கள். அட்டையில் ‘குள்ள வகை’ என்றிருந்தாலும் அது மெதுவாக வளரும் வகை என்பதுதான் பொருள். குள்ளமாகவே இருக்கும் என்பதல்ல.

கடையில் கன்றைப் பார்த்தும் கொஞ்சம் கண்டுகொள்ளலாம். நடுத்தண்டு ஒன்றா, இரண்டா? தரையிலிருந்தே இரண்டு மூன்று தண்டுகள் சமமாக மேலே போகிற கன்று இன்று அடர்த்தியாகத் தெரியும். ஆறேழு ஆண்டில் காற்றோ பனியோ அதைப் பிளந்துவிடும். ஒற்றைத் தண்டுள்ள, கொஞ்சம் மெலிந்த கன்றையே எடுங்கள்.

கேள்வி: வாசலில் நின்ற நெட்டிலிங்கம் மின்கம்பியைத் தொடும் என்று பயந்து, பத்தடி உயரத்தில் தலையை வெட்டிவிட்டோம். இப்போது கூம்புபோல இருந்த மரம் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டதுபோல் ஆகிவிட்டது. பழைய வடிவத்துக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: முழுதாக முடியாது. காரணத்தைச் சொல்கிறோம். தொங்குகிளை நெட்டிலிங்கத்தின் ஒல்லி வடிவம் நுனிக்கொழுந்தின் அதிகாரத்தில் நிற்பது. நுனி இருக்கும்வரை பக்கக்கிளைகள் குட்டையாகக் கீழ்நோக்கி மடிந்து, தண்டை ஒட்டிக் கிடக்கும். நுனியை எடுத்ததும் வெட்டுக்குக் கீழே நாலைந்து கிளைகள் நாற்காலிக்குப் போட்டியிடுவதுபோல் நிமிர்ந்து கிளம்பும். அவை தண்டோடு ஒட்டியிருக்கும் இணைப்பும் பலவீனமானது. பெருங்காற்றில் முறிவது அந்த இடத்தில்தான்.

செய்யக்கூடியது இது. கிளம்பியவற்றில் நேராக, தடிமனாக, நடுத்தண்டுக்கு மிக அருகில் உள்ள ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். பாதியில் வெட்டாதீர்கள், பாதியில் வெட்டினால் ஒன்று மூன்றாகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காமல் இரண்டு பருவங்களாகப் பிரித்துச் செய்யுங்கள். விட்ட கிளை வளைந்திருந்தால் மூங்கில் குச்சி ஒன்றைத் தண்டோடு நிறுத்தி, மென்மையான துணிப்பட்டையால் கட்டுங்கள். ஓராண்டில் அந்தத் துணியை அவிழ்க்க மறந்தால் அது தண்டை அறுத்துவிடும். மூன்று நாலு ஆண்டுகளில் ஏறக்குறைய மரம் போல் ஆகும். ஆனால் அது மறுபடி மின்கம்பியை நோக்கித்தான் போகும். கம்பிக்கு அடியில் நெட்டிலிங்கம் வைப்பது தலைவலியை நாள் குறித்து வரவழைப்பது. அதை எடுத்துவிட்டு, முழு வளர்ச்சியிலும் கம்பிக்கு எட்டாத ஒன்றை நடுவதே நல்லது.

கேள்வி: நெட்டிலிங்கமும் அசோக மரமும் ஒன்றா?

பதில்: இல்லை. நாற்றங்காலில் அசோகு என்று விற்கப்படும் ஒல்லி மரம் நெட்டிலிங்கம். சீதாப்பழக் குடும்பம், ஓரம் நெளிந்த ஈட்டி போன்ற தனியிலை, கண்ணில் படாத இளம்பச்சைப் பூ. அசல் அசோகு அவரைக் குடும்பம். கூட்டிலை, கொத்துக்கொத்தாக ஆரஞ்சும் சிவப்புமாகப் பூ, குடைபோல் விரியும் கிளை. வேலியோரத்துக்கு அசல் அசோகு ஆகாது. மருந்துப் பட்டைக்கு நெட்டிலிங்கம் ஆகாது.

கேள்வி: ஒல்லியான மரத்தின் விதையை எடுத்து முளைக்கவைத்தால் ஒல்லியாகவே வருமா? குச்சி வெட்டி நட்டால்? ஒரு நார்ஃபோக் பைனின் பக்கக்கிளையை நட்டோம். வேர்விட்டது, ஆனால் தரையில் படுத்தபடியே வளர்கிறது.

பதில்: பெயர் சூட்டி விற்கப்படும் பெரும்பாலான ஒல்லி வகைகள், ஆயிரக்கணக்கான சாதாரண மரங்களுக்கு நடுவே தற்செயலாக முளைத்த ஒற்றை மரத்தின் சந்ததி. ஐரிஷ் யூவை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் ஃபெர்மனா பகுதியில் மலைப்பக்கம் கிடைத்த ஒரு செடி, ஃப்ளாரன்ஸ் கோர்ட் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டது. உலகம் முழுக்க நிற்கும் ஐரிஷ் யூக்கள் அதன் குச்சிகளிலிருந்து வந்தவை. அதன் விதையை முளைக்கவைத்தால் வருவது பெரும்பாலும் அகலமான சாதாரண யூதான். தூஜா, ஜூனிபர் வகைகளுக்கும் இதே கதை: குச்சி அல்லது ஒட்டு, வேறு வழி இல்லை. இத்தாலியன் சைப்ரஸ் விதையில் கலந்து வரும். சில ஒல்லி, சில பருமன். நெட்டிலிங்கத்தை விதையிலேயே எடுக்கலாம். பழம் கருத்து விழுந்ததும் சதையை நீக்கி உடனே போட வேண்டும். காயவைத்தால் முளைப்புத் திறன் போய்விடும். வந்த நாற்றுகளில் மூன்றடி உயரத்திலேயே பக்கக்கிளை கீழ்நோக்கி மடிகிறதா என்று பார்த்து, மடியாதவற்றைக் கழித்துவிடுங்கள்.

உங்கள் நார்ஃபோக் பைன் படுத்துக் கிடப்பது நோய் அல்ல. அரக்காரியா இனத்தில் பக்கக்கிளைக்குத் தான் பக்கக்கிளை என்ற நினைவு போகவே போகாது. உச்சித் தண்டை வெட்டி நட்டால்தான் நிமிர்ந்த மரம் வரும். அதற்கு ஒரு நல்ல மரத்தின் தலையைக் காவு கொடுக்க வேண்டும். விதைக் கன்று வாங்குவது மலிவு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். நார்ஃபோக் பைன் ஒல்லி மரமே அல்ல. அடிவட்டம் பதினைந்து இருபது அடிக்கு விரியும். அந்தப் பெயரில் விற்கப்படுபவற்றில் பல உண்மையில் குக் பைன்கள். அது நிஜமாகவே ஒல்லி, ஆனால் நேராக நிற்காது. உலகில் எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் சாய்கிற விசித்திர மரம் அது.

கேள்வி: படத்தில் பார்த்து ஆசைப்பட்டு இத்தாலியன் சைப்ரஸ் எட்டு வைத்தேன். எங்கள் ஊரில் வெயிலும் அதிகம், ஆறு மாதம் மழையும் உண்டு. இரண்டு ஆண்டில் கிளைகள் வெளியே சரிந்து, நடுவில் வாய் பிளந்ததுபோல் ஆகிவிட்டது. உரம் குறைவா?

பதில்: உரம் அதிகம் என்பதுதான் எங்கள் சந்தேகம். இந்த மரம் கல்லும் சுண்ணாம்பும் கலந்த வறண்ட சரிவில் பழகியது. நைட்ரஜன் உரமும் தினசரித் தண்ணீரும் கிடைத்தால் தண்டு கெட்டிப்படுவதற்கு முன்பே இலை கனத்துவிடும். சுமை தாங்காமல் கிளை சரியும். யூரியா, கோழி எரு எதுவாக இருந்தாலும் நிறுத்துங்கள். தெளிப்பானால் தலைக்குமேல் நீர் விடுவதையும் நிறுத்துங்கள். சரிந்த கிளையை உள்ளே இழுத்துக் கட்டுவதைவிட, மூன்றில் ஒரு பங்கு நீளத்தைக் குறைப்பது மேல். பச்சை இலை மிஞ்சியிருக்கும் இடத்துக்கு உள்ளே மட்டும் போகாதீர்கள். சைப்ரஸ், தூஜா, ஜூனிபர் மூன்றும் இலையில்லாத பழைய கட்டையிலிருந்து திரும்பத் துளிர்ப்பதில்லை. யூவும் பொடோகார்ப்பஸும் துளிர்க்கும்.

ஆறு மாத மழை என்கிறீர்கள். வேரில் நீர் தேங்கினால் வேரழுகல் வரும். இலை மங்கி, சாம்பல் பூத்த பச்சையாகி, பிறகு மரம் முழுக்கப் பழுப்பாகும். அந்தக் கட்டத்தில் மருந்து இல்லை. மண்ணை ஓரடி உயர்த்தி மேடு கட்டி நட்டிருந்தால் தப்பும். இல்லையென்றால், எட்டும் போகும் முன்பே வேறு வகைக்கு மாற யோசியுங்கள். இந்த மரம் உங்கள் வானிலைக்கு ஏற்றதல்ல.

கேள்வி: களிமண் நிலம். குழியை எவ்வளவு ஆழம் எடுக்க வேண்டும்? குழிக்குள் மணலும் தொழுவுரமும் நிரப்பச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் நீர் வடிகிறதா என்று பாருங்கள். ஓரடி ஆழத்தில் ஒரு குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி, முழுக்க வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு இரண்டு செண்டிமீட்டராவது இறங்க வேண்டும். மறுநாள் காலையிலும் குளமாக நின்றால் அங்கே குழி நடவு வேண்டாம். ஓரடி உயரம், நாலடி அகல மேடு கட்டி அதில் நடுங்கள்.

குழியை ஆழமாக எடுப்பதுதான் மிகப் பெரிய தவறு. ஆழம், கன்றின் தாய்மண் (வேரோடு வரும் மண்கட்டி) உயரத்துக்கு மேல் ஒரு விரற்கடைகூட வேண்டாம். அகலம் தாய்மண்ணின் அகலத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. அடியில் தோண்டிய மண்ணைப் போட்டு அதன்மேல் கன்றை வைத்தால் மண் அமுங்க அமுங்கக் கன்று இறங்கும், வேர்க்கழுத்து புதையும். வேர்க்கழுத்து என்பது தண்டு விரிந்து வேராகும் இடம். அது தரைமட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். களிமண்ணில் இரண்டு விரல் மேலே இருந்தாலும் நல்லது. பையில் வளர்ந்த கன்றில் மேல்மண்ணுக்குள் புதைந்திருப்பது வழக்கம். விரலால் சுரண்டிக் கண்டுபிடித்த பிறகு ஆழத்தை முடிவு செய்யுங்கள்.

மணல், தொழுவுரம் விஷயத்துக்கு வருவோம். களிமண்ணுக்கு நடுவே குழியில் மட்டும் இளக்கமான மண்ணை நிரப்பினால், மழைநீர் சுற்றிலும் இருந்து வந்து அந்தக் குழியில் தேங்கும். அண்டாவில் செடி வைத்ததுபோல. அதோடு வேரும் சுகமான மண்ணைத் தாண்டி வெளியே போகாது. எடுத்த மண்ணையே உடைத்துப் போட்டு மூடுங்கள். மட்கு உரத்தை மேலே பரப்பினால் போதும். மண்புழு உள்ளே கொண்டுபோகும். முதல் ஆண்டு வேறு உரம் வேண்டாம்.

பையைக் கிழித்ததும் வேர்களைப் பாருங்கள். சுருள்வில்போல் சுற்றியிருந்தால் பக்கவாட்டில் நாலு இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் ஓரங்குல ஆழம் கீறிவிடுங்கள். இதற்கு மனம் வராமல் அப்படியே நட்டால், எட்டுப் பத்து ஆண்டு கழித்து அந்த வேரே தண்டை நெரிக்கும். காற்றில் அடியோடு சாயும் ஒல்லி மரங்களைத் தோண்டிப் பார்த்தால் பலவற்றில் இதுதான் இருக்கும். சாக்கில் கட்டி வந்த கன்றானால் கம்பியையும் செயற்கை நூல் சாக்கையும் முழுக்க அகற்றுங்கள்.

மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு) மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம், தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி. ஐந்தடிக் கன்றுக்கு ஒரு முறைக்கு 10 முதல் 15 லிட்டர் தண்ணீர், மெதுவாக. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த மூன்று மாதம் வாரம் இரண்டு முறை. பிறகு இரண்டு ஆண்டுவரை மழையில்லாத வாரங்களில் ஒரு முறை. விரலை மண்ணில் முழுக்க விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று விட வேண்டாம். முட்டுக்கம்பு தேவைப்பட்டால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே தளர்வாகக் கட்டி, ஓராண்டில் எடுத்துவிடுங்கள். அசைய விட்டால்தான் தண்டு தடிக்கும்.

கேள்வி: வரிசையாக நட எவ்வளவு இடைவெளி? சீக்கிரம் மூட வேண்டும் என்று ஓரடிக்கு ஒன்று வைக்கலாமா?

பதில்: முழு வளர்ச்சியின் அகலத்தில் முக்கால் பங்கு. ‘ஸ்மராக்ட்’ தூஜாவுக்கு இரண்டரை முதல் மூன்றடி, நெட்டிலிங்கத்துக்கு ஐந்து முதல் ஆறடி, பொடோகார்ப்பஸுக்கு இரண்டரை அடி. ஒவ்வொன்றும் தூண்போல் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் முழு அகலத்தோடு ஓரடி கூட்டுங்கள். ஓரடிக்கு ஒன்று வைத்தால் இரண்டு ஆண்டு அழகாக இருக்கும். மூன்றாம் ஆண்டில் ஒன்றோடொன்று உரசும் பக்கம் இலை காய்ந்து, நடுவிலுள்ளவை தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும். பிறகு ஒன்று பட்டுப்போனால் அந்த ஓட்டை மூடவே மூடாது, பழைய கட்டை துளிர்க்காது என்றோமே.

பத்து நட்டால் பன்னிரண்டு வாங்குங்கள். மிச்சம் இரண்டையும் பெரிய தொட்டியில், அதே வெயிலில் வளர்த்து வையுங்கள். வரிசையில் ஒன்று போனால் அதே வயதுக் கன்று கையில் இருக்கும். சுவரோரமாக நடும்போது, இடம் இருந்தால், சுவரிலிருந்து முழு அகலத்தில் பாதியோடு இரண்டடி கூட்டித் தள்ளி நடுங்கள். பின்பக்கம் ஆள் நுழைய முடியாத வரிசையில் பூச்சி வந்தது தெரியும்போது பாதி மரம் போயிருக்கும்.

கேள்வி: தூஜாவின் உள்பக்கம் பழுப்பாகிறது. பட்டுப்போகிறதா?

பதில்: எந்த இடம் பழுப்பு என்பதைப் பொறுத்தது.

உள்ளே தண்டையொட்டி, மரம் முழுக்க ஒரே சீராக, பருவம் மாறும்போது பழுத்து உதிர்ந்தால் அது இயல்பு. இரண்டு மூன்று வயதான இலை கழிகிறது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

நுனியிலிருந்து உள்நோக்கிப் பழுத்தால் வேருக்குச் சிக்கல்: வறட்சி அல்லது நீர்த்தேக்கம். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றே, வைத்தியம் நேர் எதிர். மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் தண்ணீரைக் கூட்டாதீர்கள். நட்ட இடத்து மண் நனைந்திருந்தும் தாய்மண் மட்டும் உள்ளே எலும்பாகக் காய்ந்திருப்பதும் உண்டு, குறிப்பாகத் தென்னைநார்க் கழிவில் வளர்ந்த கன்றில்.

தூசு படிந்ததுபோல் மங்கி, ஊசி குத்திய புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசு நடந்தால் அது சிலந்திப்பேன். காய்ந்த, தூசியான இடத்தில்தான் பெருகும். குழாயில் வேகமாகத் தண்ணீர் அடித்து, வாரம் இரண்டு முறை, மூன்று வாரம் உள்பக்கம் நனையக் கழுவுங்கள். கண்ட பூச்சிமருந்தை அடித்தால் பேனைத் தின்னும் பூச்சிதான் முதலில் சாகும்.

ஒரே ஒரு கிளை மட்டும் முழுக்கச் சிவந்து காய்ந்து, அடியில் பிசின் வடிந்தால் சொறிப்புண் நோய், சைப்ரஸில் அதிகம். காய்ந்த இடத்துக்கு நாலு அங்குலம் கீழே நல்ல கட்டையில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியைச் சாராயத்தால் துடைத்து, வெட்டியதை எரித்துவிடுங்கள். நடுத்தண்டில் வந்துவிட்டால் மரத்தையே எடுப்பது மற்றவற்றுக்கு நல்லது.

தரையிலிருந்து ஒன்றரை அடிவரை, தெருப்பக்கம் மட்டும் பழுப்பா? நாய்.

கேள்வி: பனி விழுந்து தூஜாவும் ‘ஸ்கை பென்சில்’ ஹாலியும் பூப்போல் விரிந்துவிட்டன. குளிர்காலம் முடிந்ததும் ஒருபக்கம் வெந்ததுபோல் பழுப்பும் இருக்கிறது.

பதில்: இரண்டும் வெவ்வேறு. விரிந்ததற்குப் பனியின் எடை காரணம். கட்டிவிட்டால் பெரும்பாலும் திரும்பும். அடுத்த முறை பனிக்காலத்துக்கு முன்பே, அடியிலிருந்து உச்சிவரை மென்மையான அகலக் கயிற்றைச் சுருளாகச் சுற்றிவிடுங்கள். மரத்தை இறுக்காமல், கிளையை அணைத்தாற்போல் இருந்தால் போதும். வசந்தத்தில் அவிழ்த்துவிட வேண்டும். விழுந்த பனியைத் துடைப்பத்தால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். உறைந்து கண்ணாடியாகிவிட்டால் தொடாதீர்கள், கிளைதான் முறியும்.

ஒருபக்கப் பழுப்பு குளிரால் வந்ததல்ல, தாகத்தால் வந்தது. மண் உறைந்து வேர் நீர் எடுக்க முடியாத நாளிலும், வெயிலும் காற்றும் படும் பக்கத்து இலை நீரை இழந்துகொண்டே இருக்கும். மண் உறைவதற்கு முந்திய வாரங்களில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள்; காற்று வரும் பக்கம் சாக்குத் திரை ஒன்றை மரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கட்டுங்கள். பழுத்த கிளையை உடனே வெட்ட வேண்டாம். நகத்தால் சுரண்டி உள்ளே பச்சை இருந்தால் புதுத் தளிர் வரும். கோடை தொடங்கும்வரை பொறுங்கள்.

‘ஸ்கை பென்சில்’ பற்றி ஒரு வார்த்தை. ஓரடியிலிருந்து மூன்றடி அகலத்துக்குள் அடங்கும் அழகான செடி, ஆனால் வேர் மேலோட்டம். வறட்சியும் பொறுக்காது, நீர்த்தேக்கமும் பொறுக்காது. அமில மண் வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளாகும். அழகுக்குச் சொல்லலாம், வேலிக்குச் சொல்ல மாட்டோம்.

கேள்வி: தரையே இல்லை, மாடியில் தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: வளர்க்கலாம். வாய் ஒன்றரை அடி, ஆழம் ஒன்றரை அடிக்குக் குறையாத தொட்டி, கனமானது. ஒல்லி உயர மரம் காற்றுக்குப் பாய்மரம்; லேசான பிளாஸ்டிக் தொட்டி கவிழும். அடியில் கல் பரப்பும் வழக்கத்தை விடுங்கள். அது வடிகாலை மேம்படுத்தாது, ஈரத்தை மேலே நிறுத்தும். ஓட்டைக்கு மேல் ஒரு வலைத்துண்டு போதும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வேரின் வெளிச்சுற்றில் இரண்டு அங்குலம் சீவி, புது மண்ணோடு திரும்ப வையுங்கள். குளிர்நாட்டில் இருப்பவர்கள் தங்கள் ஊர்க் குளிரைவிடக் கடுமையான குளிரைத் தாங்கும் வகையாகப் பார்க்க வேண்டும். தொட்டியில் வேர் நாலு பக்கமும் உறையும். தொட்டிக்கு ஜூனிபர், பொடோகார்ப்பஸ் இரண்டும் நன்றாக ஒத்துவரும். நெட்டிலிங்கம் நாலைந்து ஆண்டு தாக்குப்பிடிக்கும், பிறகு அடியிலை கொட்டி மொட்டைக் காலோடு நிற்கும்.

கேள்வி: வேகமாக வளர்வது எது? லேலண்டு சைப்ரஸ் ஆண்டுக்கு மூன்றடி வளரும் என்கிறார்கள்.

பதில்: வளரும். நின்றால்தானே? நூறடிவரை போகக்கூடிய கலப்பினம் அது. 1888இல் வேல்ஸில் தற்செயலாகப் பிறந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரிக்க ஆளும் ஏணியும் உண்டென்றால் நடுங்கள். ஒரு முறை தவறினால் பச்சையைத் தாண்டி வெட்ட வேண்டியிருக்கும்; அந்தப் பக்கம் நிரந்தரமாகப் பழுப்புச் சுவர்தான்.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தையும் ஆடும் உண்டு. இவற்றில் நஞ்சு எது?

பதில்: யூ. சிவந்த சதை தவிர இலை, பட்டை, விதை எல்லாமே கொடிய நஞ்சு. காய்ந்த இலையும் அப்படியே. கத்தரித்த கிளையை ஆடுமாடு எட்டும் இடத்தில் போட்டால் ஒரு வாய் போதும், உயிர் போகும். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். பொடோகார்ப்பஸ் விதையும் ஹாலிப் பழமும் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். தூஜாவை ஆடு மொட்டையடித்துவிடும். இலையிலுள்ள எண்ணெய் ஆட்டுக்கும் நல்லதல்ல. இவற்றில் கவலை குறைந்தது நெட்டிலிங்கம். கன்று ஆடு எட்டாத உயரத்துக்கு வரும்வரை, தண்டிலிருந்து இரண்டடி தள்ளி ஐந்தடி உயரத்துக்குக் கம்பிவலை கட்டிவையுங்கள்.